ரஷ்யப் படத்துக்குத் தமிழ் சொன்னவன்

இப்பிடி உள்ள தள்ளி உக்காருங்க தம்பி. அந்த வரிசையில உக்காந்தீங்கன்னா எட்டயபுரம் தாண்டுற வரைக்கும் வெயிலு மூஞ்சியிலேயே அடிக்கும். பையைக் கால்மாட்டுல வச்சுக்கிடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. எதுவரைக்கும்? விளாத்திகுளமா, சரி சரி. நான் அதுக்கு முன்னாடியே புதுப்பட்டி வெலக்குல, ஊருக்கு ரோடு பிரியுற எடத்துல, இறங்கிருவேன். என் கொழுந்தியா வீடு அங்கதான். என் வீட்டம்மா இப்ப அங்கதான் இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன்.

சிரிக்காதீங்க. எழுபத்தேழு வயசுல பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயி, அவளைக் கூப்பிட பஸ் ஏறுறவன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அஞ்சு மாசம் ஆச்சு. பங்குனியில போனவ. பக்கத்து வீட்டுல கேட்டா, முட்டுவலிக்கு வைத்தியம் பாக்கப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். எதுக்குக் கோவம்னு கேளுங்க. ஒரு சினிமாவுக்கு. அம்பது வருசத்துக்கு முன்னாடி பாத்த சினிமாவுக்கு இப்பக் கோவம் வருது. அவ திரும்பி வரணும்னா நான் என்ன செய்யணுமாம் தெரியுமா? அந்தப் படத்தோட கதையை அவகிட்ட உள்ளது உள்ளபடி சொல்லணுமாம். ஒரு வார்த்தை கூடவும் கூடாதாம், கொறையவும் கூடாதாம். சொல்லி முடிங்க, அன்னைக்கே பையைத் தூக்கிட்டு வாரேன், அதுவரைக்கும் வர மாட்டேன்னுட்டா. இவ்வளவுதான் விசயம். போயி ஒரு கதை சொல்லணும்.

நான் தந்தி ஆபீஸ்ல வேலை பாத்தவன். கோமதிநாயகம்னு கோவில்பட்டியில பழைய ஆளுககிட்ட கேட்டா, தந்திக்காரரான்னு கேக்க மாட்டாக. ரஷ்யப் படத்துக்குத் தமிழ் சொல்வாரே அவரான்னுதான் கேப்பாக. அப்ப எங்க ஊர்ல ஒரு பிலிம் சொசைட்டி இருந்துச்சு. பால்வண்ணம் சார்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு, அவருதான் செக்ரட்டரி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணிக்குத் தியேட்டர் பிடிச்சுப் படம் போடுவாக. மெட்ராஸ்ல இருந்து படப்பொட்டி ரயில்ல வரும். ரஷ்யப் படம், போலந்துப் படம், எல்லாம் வரும். அவங்க பேசுறது அவங்க பாசை. கீழ இங்கிலீசுல எழுத்து ஓடும். பாக்க வாரது யாரு? மில்லுல வேலை பாக்குறவங்க, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க. இங்கிலீசுக்கு எங்க போவாங்க? அதனால திரைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில மைக்கைக் குடுத்து, என்னையத் தமிழ்ல சொல்லச் சொன்னாக.

சும்மா சொல்லக்கூடாது, நல்லாச் சொல்வேன். பெரிய ஆளு பேசுனா பெரிய ஆளு மாதிரி, பொம்பள பேசுனா பொம்பள மாதிரி. அழுகுற எடத்துல நான் அழுதா தியேட்டரே அழும். ரஷ்யப் பேருதான் சனியன், வாயில நிக்காது. ஒரு படத்துல பையன் பேரு மிஷா. நான் மிஷா மிஷான்னு சொல்ல, பின்னாடி இருந்து ஒருத்தன், 'யோவ், மொகத்துல ஒத்த முடி இல்ல, அவனுக்கு எப்பிடிய்யா மீசைன்னு பேரு வச்சாங்க'ன்னான். அன்னைக்குப் பூராம் சிரிப்பு. அந்தப் படம்தான் தம்பி. அந்த மீசைப் படம்தான் இப்ப என் குடும்பத்தைக் கெடுத்தது.

என் வீட்டம்மா பேரு பேச்சியம்மா. பேருதான் பேச்சி, வாயில பேச்சு வராது. அவளை நான் மொதல்ல பாத்தது ஒரு தந்தியில. அதாவது, தந்தி அவளுக்கு இல்ல, அவ தாய்மாமனுக்கு. எழுபத்தொண்ணு டிசம்பர்ல பாகிஸ்தானோட சண்டை நடந்துச்சுல்லா, அப்ப வந்த தந்தி. அவரு மகன் இருளப்பன் பட்டாளத்துல இருந்தான். அவனுக்கும் இவளுக்கும்தான் பேசி முடிச்சிருந்தாக. தை மாசம் லீவுல வந்து தாலி கட்டணும், மார்கழியில தந்தி வந்துருச்சு. வீட்டுல யாருக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாம, மாமனும் இவளும் தந்தியைத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்கே ஓடியாந்துட்டாக. கம்பியில வந்து எறங்குன தந்தியைக் காகிதத்துல எழுதுனவனே நான்தான். மிஸ்ஸிங்னு வந்திருந்துச்சு. காணோம்னு போட்டிருக்குய்யான்னு சொன்னேன். அந்த மனுசன் என் மூஞ்சியவே பாத்தாரு. 'காணோம்னா என்னய்யா அர்த்தம்? ஆடா மாடா, காணாமப் போறதுக்கு? இருக்கானா, இல்லையா?'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? காணோம்னா காணோம்தான்யான்னு சொன்னேன். அன்னைக்கு நான் உள்ளதைத்தான் சொன்னேன், அதை யாரும் எண்ணிக்கையில சேக்க மாட்டேங்காக.

அதுக்குப் பெறகு சனிக்கிழமை சனிக்கிழமை அவ வருவா. தீப்பெட்டி ஆபீஸ்ல மத்தியானத்தோட வேலை முடியும், கையில தீக்குச்சி மருந்து வாடையோட நேரா வந்து கவுண்டர்ல நிப்பா. 'எதும் வந்திருக்கா சார்?' அவ்வளவுதான், மூணு வார்த்தை. இல்லம்மான்னு சொன்னா, தலையை ஆட்டிட்டுப் போயிருவா. ஒண்ணரை வருசம் தம்பி. மழையில வந்திருக்கா, காய்ச்சலோட வந்திருக்கா. அந்த மூணு வார்த்தைக்காக நான் சனிக்கிழமை ஆனா சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பிச்சேன். எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆசைப்பட்டேன், அதுல என்ன தப்பு?

நம்ம வகையறாதான், விசாரிச்சு ஆள் விட்டேன். அவ ஆத்தாளுக்குச் சம்மதம். மாமனே, 'என் மகன் பேரைச் சொல்லி இந்தப் பிள்ளை வீணாப் போக வேண்டாம்'னு சொல்லிட்டாரு. இவ மட்டும், 'அவரு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?'ன்னு கேட்டாளாம். இல்லாதவனோட எப்பிடிப் போட்டி போட? இருந்தான்னா சண்டை பிடிக்கலாம். செத்தான்னா மாலை போட்டுட்டுப் போகலாம். அவன் ரெண்டும் இல்லாம நடுவுல நின்னான், நானும் கவுண்டருக்கு உள்ள நின்னேன்.

அந்த நேரத்துலதான் இந்தப் படப்பொட்டி வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு மட்டும் ஒருதரம் ஓட்டிக் காட்டுவாக, மறுநாள் நான் தமிழ் சொல்லணும்ல. ஆபரேட்டர் மேல, நான் கீழ, தியேட்டர்ல வேற ஈ காக்கா இல்ல. படம் ஓட ஓட எனக்கு வேர்த்துப் போச்சு தம்பி.

கதை என்னன்னா, மிஷா ட்ராம் வண்டி ஓட்டுறவன். காத்யான்னு ஒரு பிள்ளை நூல் மில்லுல வேலை பாக்குது. ரெண்டு பேருக்கும் இஷ்டம். நாட்டுல சண்டை வந்துருச்சு, அவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். கொஞ்ச நாள்ல ஒரு காகிதம் வருது. காகிதத்துல அவங்க எழுத்து, கீழ இங்கிலீசுல மிஸ்ஸிங். காணோம். அப்பிடியே நம்ம தந்தி. அவ காத்துக்கிட்டே இருக்கா. அங்க பாவெல்னு ஒருத்தன், ரேசன் குடோன்ல கணக்கப்பிள்ளை, சண்டைக்குப் போகாம தப்பிச்சவன். அவனுக்கு இவ மேல கண்ணு. 'மிஷா செத்துட்டானாம், என் சிநேகிதன் கண்ணால பாத்தானாம்'னு ஒரு பொய்யைச் சொல்லி, ரொட்டியும் விறகும் கொண்டாந்து குடுத்து, அவளைக் கட்டிக்கிடுதான். பெறகு ஒருநாள் அவன் கோட்டுப் பையில அந்தச் சிநேகிதன் எழுதுன லெட்டர் கெடைக்குது. நான் எதையும் பாக்கலை, என் பேரை இழுக்காதேன்னு எழுதிருக்கான். அவ கேக்குதா. அவன் பேசுதான், பேசுதான், பேசிக்கிட்டே இருக்கான். அவ ஒரு பொட்டியை எடுத்துக்கிட்டுப் பனியில நடந்து போயிருதா. சண்டை முடிஞ்ச பெறகு, காணாமப் போனவங்களைத் தேடுற ஆபீஸ் ஒண்ணுல வேலைக்குச் சேந்து, வாரவங்களுக்கு எல்லாம் காகிதம் எழுதிக் குடுக்கா. வெளியில பெரிய வரிசை. கடைசியில, அடுத்த ஆளு வந்து மேசை முன்னாடி நிக்கு. ஆளு யாருன்னு படம் எடுத்தவன் காட்ட மாட்டான். அவ நிமிந்து பாக்குதா, பேனா நிக்குது. படம் முடிஞ்சுருச்சு. வந்தது மிஷாவா, வேற யாரோ கெழவியா, ஒண்ணும் தெரியாது.

நான் ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கவே இல்ல. மறுநாள் காட்சிக்குப் பேச்சியும் அவ ஆத்தாளும் மாமனும் வாராங்க, நான்தான் டிக்கெட் குடுத்திருக்கேன். இந்தக் கதையை நான் இப்பிடியே சொன்னா அவ என்ன நெனைப்பா? சாகுற வரைக்கும் சனிக்கிழமை கவுண்டர்ல வந்து நிப்பா. அவ நல்லதுக்குத்தான் யோசிச்சேன். சத்தியமா அவ நல்லதுக்குத்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில தியேட்டர் நெறஞ்சு கெடக்கு. பொம்பளைக பக்கம் மூணாவது வரிசையில அவ உக்காந்திருந்தா. காகிதம் வந்த எடம் வந்துச்சு. நான் மைக்கைப் பிடிச்சேன். 'ஐயோ, மிஷா செத்துட்டான், சண்டையில வீரமாச் செத்துட்டான்'னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் தம்பி செஞ்சேன். யாரைக் கொன்னேன்? படத்துல வார ஒரு பயலை.

ஆனா ஒண்ணைச் சொன்னா அதோட நிக்குதா? மிச்சப் படத்தை எப்பிடி ஓட்டுறது? பாவெலை நல்லவன் ஆக்குனேன். 'அந்தப் பிள்ளை பட்டினி கெடக்கதைத் தாங்காம தன் ரொட்டியைக் கொண்டாந்து குடுக்காரு பாருங்க, இப்பிடி ஒரு மனுசனா'ன்னேன். அவ அவன் மூஞ்சிக்கு நேரா கத்துதா. நான், 'மிஷா நெனப்பு வந்து பொலம்புதா, அவரு ஆறுதல் சொல்லுதாரு'ன்னேன். பொட்டியைத் தூக்கிட்டுப் பனியில போறாள்லா, அதுக்கு என்ன சொல்ல? 'தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போறா'ன்னுட்டேன். பொம்பளைக பக்கம் உச்சுக் கொட்டுனாக. கடைசியில பேனாவை வச்சுட்டு நிமிந்து பாக்காள்லா, 'வேலை செய்யுற பொண்டாட்டிக்கு மத்தியானச் சோத்தைத் தூக்குச்சட்டியில எடுத்துக்கிட்டுப் புருசன் வந்து நிக்காரு, இவ கண்ணு கலங்குது'ன்னு சொல்லி முடிச்சேன். தியேட்டரே கை தட்டுச்சு. இதுவரைக்கும் அந்த ஊர்ல ஒரு ரஷ்யப் படத்துக்கு அப்பிடிக் கை தட்டுனது கெடையாது.

பால்வண்ணம் சார் மட்டும் கை தட்டலை. அவருக்குத்தான் இங்கிலீசு தெரியுமே. நேரா வந்து என் கையில இருந்த மைக்கைப் பிடுங்கி, 'வீட்டுக்குப் போங்க கோமதிநாயகம், இனிமே நீங்க வர வேண்டாம்'னு சொல்லிட்டாரு. மூணு வருசம் ஊருக்குத் தமிழ் சொன்னவன். ஒரு வார்த்தை எதுக்கு இப்பிடிச் செஞ்சீங்கன்னு கேட்டாரா? கேக்கலை. பெறகு யாரோ ஒரு கத்துக்குட்டியைப் பிடிச்சு உக்கார வச்சாரு, வேப்பெண்ணெய் குடிச்சவன் மாதிரி சொல்லுவான். அதுல எனக்கு இன்னைக்கும் மனத்தாங்கல் உண்டு.

ஆனா பலிச்சுருச்சு தம்பி. அடுத்த சனிக்கிழமை அவ வரலை. அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் வரலை. மூணாம் வாரம் அவ ஆத்தா ஆள் விட்டுருச்சு, பிள்ளை சரின்னுட்டான்னு. எழுபத்திநாலு தை மாசம் கல்யாணம்.

நாப்பத்தொம்பது வருசம் என்ன கொறை வச்சேன் சொல்லுங்க. குடி கெடையாது, சீட்டு கெடையாது, கை ஓங்குனது கெடையாது. அவளுக்குப் பேச வராதுன்னு அவளுக்கும் சேத்து நானே பேசுவேன். டாக்டர், எங்கம்மா வலிக்குன்னு அவளைக் கேட்டாருன்னா, நானே சொல்லிருவேன், எடது முட்டுன்னு. ஒருதரம் வலது முட்டா இருந்துருக்கு. அதுக்கு ஒரு வாரம் எடது முட்டுல களிம்பு போட்டுக்கிட்டு இருந்தா, சொல்ல வேண்டியதுதானே? மகளுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தாக. 'அம்மா என்ன நெனைக்காக?'ன்னு சம்பந்தி கேட்டாரு. அவளுக்குப் பரம திருப்தின்னு சொன்னேன். அவ அடுப்படியில நின்னுக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. அவ பார்வையெல்லாம் எனக்குத் தெரியாதா? திருப்திதான்.

சரி, இந்தப் பங்குனிக்கு வாரேன். மக சேலத்துல இருந்து வந்திருந்தா. அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கியாந்திருந்தா, பெரிய கண்ணாடி போட்டது. அவகிட்ட இவ எப்பவோ சொல்லிருப்பா போல, வாழ்க்கையில ஒரே ஒரு ரஷ்யப் படம் பாத்தேன், ட்ராம் வண்டி ஓட்டுறவன் கதைன்னு. மக என்னத்தையோ தட்டித் தேடி அந்தப் படத்தைப் பிடிச்சுட்டா. யாரோ வேலை வெட்டி இல்லாதவன் தமிழ்லயே கீழ எழுத்துப் போட்டு விட்டுருக்கான். இவ எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ, தமிழ் நல்லா வாசிப்பா. மத்தியானம் சாப்பிட்டுட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்து பாக்க ஆரம்பிச்சா. நான் பக்கத்துல போயி உக்காந்து, வழக்கம்போல, 'இந்தா இவன்தான் மிஷா'ன்னு ஆரம்பிச்சேன். 'சும்மா இருங்க'ன்னா.

நாப்பத்தொம்பது வருசத்துல அவ என்கிட்டச் சொல்லாத வார்த்தை அது. நான் சும்மா இருந்தேன். படத்தைப் பாக்கலை, அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கோட்டுப் பையில லெட்டர் கெடைக்குற எடம் வந்தப்ப அவ போனை நிறுத்திட்டு, எந்திரிச்சுப் போயி ஒரு செம்புத் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடியும் பாத்தா. முடிஞ்ச ஒடனே போனைக் கமத்தி வச்சுட்டு அரிசி களையப் போயிட்டா. சரி, ஒண்ணும் இல்ல போலன்னு நெனைச்சேன்.

மறுநாள் காலையில மக ஊருக்குக் கெளம்பிப் போன பெறகு, என் முன்னால வந்து உக்காந்தா. பேசுனா தம்பி. அவ அவ்வளவு பேசி நான் கேட்டது இல்ல.

'அவன் செத்துட்டான்னு நீங்க மைக்குல சொன்னீங்களே, அது பொய்னு எனக்கு அன்னைக்கே தெரியும்'னா. ஒனக்கு எப்பிடித் தெரியும், இங்கிலீசு வாசிக்கத் தெரியுமான்னு கேட்டேன். 'ஒரு வார்த்தை தெரியும். தந்தி வந்த அன்னைக்கு, காணோம்ங்கிறது இதுல எந்த எழுத்து சார்னு நான் கேட்டேன். நீங்கதான் வெரல் வச்சுக் காட்டுனீங்க. நடுவுல ரெண்டு பாம்பு ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு நிக்கும். ஒண்ணரை வருசம் தெனமும் அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பாத்தவ நான். திரையில அதே எழுத்து வந்துச்சு. நீங்க செத்துட்டான்னு சொன்னீங்க'ன்னா. நான் வெரல் வச்சுக் காட்டுனேனா? எனக்கு நெனவே இல்ல தம்பி. காட்டிருப்பேன்.

'தெரிஞ்சா அப்பவே ஏன் கேக்கலை? தெரிஞ்சுக்கிட்டா என்னையக் கட்டிக்கிட்ட?'ன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்லுதா, 'இந்த மனுசன் எனக்காகத்தான் இவ்வளவு பேரு முன்னாடி பொய் சொல்லுதாரு, சொல்லிட்டுப் போகட்டும்னு நெனைச்சேன். எனக்கும் அலுத்துப் போயிருந்துச்சு. காத்திருந்து காத்திருந்து காலு மரத்துப் போயிருந்துச்சு. அந்தப் பொய்யை நான் மன்னிச்சுட்டேன், அதை வச்சு ஒங்களை ஒருநாளும் நான் தப்பா நெனைச்சது இல்ல. ஆனா அந்த ரெண்டாவது ஆளு இருக்கானே, அவனுக்குக் கீழ என்ன எழுதிருந்துச்சுன்னு எனக்கு வாசிக்கத் தெரியாதே. அவன் நல்லவன்னு சொன்னீங்க, தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்து நிப்பான்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் சரின்னு சொன்னேன். தீப்பெட்டி ஆபீசுக்கு இருபத்திரெண்டு வருசம் போனேன். தெனமும் மத்தியானம் வாசலைப் பாத்தேன்'னா.

ஆபீஸ்ல எனக்கு வேலை இருந்துச்சு தம்பி. தந்தி ஆபீஸை விட்டுட்டு மத்தியானம் சோத்தைத் தூக்கிக்கிட்டு எப்பிடிப் போவேன்? அதைத்தான் சொன்னேன். படம்னா கூடக்கொறையத்தான் இருக்கும், ஒரு பாசையில இருந்து இன்னொரு பாசைக்கு வாரப்ப அப்பிடித்தான்னு சொன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நான் மூச்சு வாங்கி நிறுத்துனப்ப, 'அவனும் இப்பிடித்தான் பேசிக்கிட்டே இருந்தான்'னா. பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. வாசல்ல நின்னுதான் இந்தக் கண்டிசன். 'வீட்டுக்கு வாங்க. மைக்கு வேண்டாம். அந்தக் கதையை, அந்த ஆளை, உள்ளது உள்ளபடி ஒங்க வாயால ஒருதரம் எனக்குச் சொல்லுங்க. சொன்னா வாரேன்.'

சொல்லுறதுக்கு என்ன கஷ்டம்? இப்ப ஒங்ககிட்டச் சொல்லலையா, ஒண்ணு விடாம? பாவெல் பொய் சொன்னான், பொய் சொல்லிக் கட்டிக்கிட்டான், அவ நம்புனா. அவ்வளவுதான். இந்தப் பஸ்ஸுல உக்காந்து சொன்னா தண்ணி மாதிரி வருது. அவ முன்னால உக்காந்து, அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னு நெனைச்சா நாக்கு ஒட்டிக்கிடுது. எனக்குப் பயமா இருக்கு தம்பி, ஒங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன. நான் சொல்லி முடிச்சுட்டா, நான் யாருன்னு தெரிஞ்ச ஆளா அவ வருவா. வந்து தெனமும் காலையில காப்பியை முன்னால வச்சுட்டு என்னையப் பாப்பா. இதுவரைக்கும் அந்த நல்லவன் என்னைக்காவது வருவான்னாவது பாத்துக்கிட்டு இருந்தா. அது நல்லாத்தானே இருந்துச்சு? ராத்திரி பகல்னு யோசிச்சு எனக்கு அலுத்துப் போச்சு. மக போன்ல, 'அப்பா, ரெண்டு மணி நேரம், சொல்லிட்டுக் கூட்டிட்டு வந்துருங்களேன்'ங்கா. அவளுக்கு எல்லாம் லேசு.

விசில் அடிக்கானா? வெலக்கு வந்துருச்சா அதுக்குள்ள?

இல்லப்பா கண்டக்டரே. இல்ல, இன்னைக்கு வேண்டாம். விளாத்திகுளம் வரைக்கும் ஒரு டிக்கெட் போடு. ஆமா, திரும்பவும் இதே வண்டியிலதான் வருவேன், தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியே. யாராவது எறங்குனா எறக்கி விடு, எனக்காக வண்டியைப் போட்டு வைக்காத.

கேட்டீங்களா தம்பி அவன் சொல்லுததை? 'தாத்தா, இதோட இருபது ஞாயித்துக்கிழமை ஆச்சு, பக்கத்துச் சீட்டுல உக்காந்தவங்க எல்லாருக்கும் கதை சொல்லி முடிச்சாச்சு, ஒரு ஆளுதான் பாக்கி'ங்கான். வாயைப் பாருங்க அவனுக்கு. வெலக்குல இருந்து அர கிலோமீட்டர் நடக்கணும், இந்த வெயில்ல என் முட்டு தாங்குமா? அவனுக்கு என்ன தெரியும்.

தம்பி, ஒரு ஒதவி. கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க, சன்னலை மறைச்ச மாதிரி. இன்னும் கொஞ்சம். அந்தா, நிழற்குடையில, ஊதாச் சேலை கட்டி, மடியில பையை வச்சுக்கிட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் மககிட்ட நாளைக்குப் போறேன்னு சொல்லிருதேன்லா, அவ அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிருதா போல. வாராவாரம் வந்து உக்காந்திருக்கா. இந்தப் பக்கம் பாக்குதாளா? பாக்குதாளா, இல்லையா? ஏறுற ஆளு எறங்குற ஆளு எல்லாரையும் பாப்பா, சன்னலை மட்டும் பாக்கத் தோணாது அவளுக்கு.

கெளம்பிட்டானா? சரி. இப்ப நிமிந்துக்கிடுங்க, முதுகு வலிக்கும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா இறங்கிருவேன். அவளுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல தம்பி, காத்திருந்து பழக்கம்தான்.